இரண்டாம் தாளை யாரும் படிக்கவில்லை

ஜூன் 2

மாப்பிள்ளை அவர்களுக்கு,

எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும். கோடு போட்ட தாள்தான். ஆனாலும் என் எழுத்து கோட்டின் மேல் நிற்க மாட்டேன் என்கிறது. ஒன்று ஏறுகிறது, ஒன்று தொங்குகிறது. சின்னதாக எழுதுங்கள் என்று டீச்சரம்மா தினமும் சொல்கிறார். நிலக்கரி அள்ளிய கை, கேட்க மாட்டேன் என்கிறது.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். யாரையும் கெஞ்சி எழுதி வாங்கவில்லை. நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பாய்லர் ரூமில் என் காது போனது உங்களுக்குத் தெரியும். தங்கச்சி போனில் பேசினால் வண்டு குடைகிற மாதிரி இருக்கிறது. சரி, காது இல்லாவிட்டால் கண் இருக்கிறதே என்று யூனியன் ஆபீஸ் மாடியில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். இப்போது கடைப் பலகை, மருந்துச் சீட்டு, பஸ் பலகை எதையும் விடுவதில்லை. நேற்று ஒரு சோப்பு உறையை முழுதாகப் படித்தேன். எவ்வளவு பொய்!

உங்கள் கல்யாணப் பத்திரிகையை என்னிடம் நீட்டி, "பேரு சரியா இருக்கா பாருங்க மச்சான். அடடா, உங்களுக்கு எப்படித் தெரியும்!" என்று சபையில் சிரித்தீர்கள். இருக்கட்டும். இனி என் தங்கச்சி சொல்வதை நீங்கள் எழுதுங்கள், நான் படித்துக்கொள்கிறேன். கோர்ட் வாசலில் காசுக்கு மனு எழுதுகிற கைக்கு இது பெரிய வேலையில்லை.

தங்கச்சி நலமா? மூட்டு வலி எப்படி?

ஒவ்வொரு தாளின் கீழும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு தாளுக்கு ஒன்று போதும் என்றார் டீச்சரம்மா. அது அவருக்கு. காலமெல்லாம் கட்டைவிரலை நீட்டியவனுக்குப் போதாது.

இப்படிக்கு,
பாய்லர்காரன்

*

ஜூன் 11

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் என்று கருதத்தக்க ஒன்று கிடைக்கப்பெற்றேன். தபால்காரர் அதைத் தலைகீழாகக் கொடுத்தார். நேராகத் திருப்பியும் வித்தியாசம் தெரியவில்லை. ஆயினும் தங்கள் முயற்சியைப் பாராட்டுகிறேன். பாராட்டுவது என் சுபாவம்.

உங்கள் தங்கை நலம். மூட்டு வலி இருக்கிறது, பேச்சு குறையவில்லை.

படிக்கத் தெரிந்துவிட்டதால் முக்கியமான செய்தி ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மழைக்குப் பிறகு இங்கே ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் என்று ஒரு தூளைக் கொட்டுகிறார்கள். தண்ணீரில் ஒரு மாதிரி வாடை. இது பற்றி எல்லோர் போனிலும் ஒருவர் பேசியது வந்திருக்கிறது. தங்கள் நன்மைக்காக அப்படியே எழுதுகிறேன்:

"நான் தண்ணீர்த் தொட்டியில் வேலை பார்த்தவன். என் கையாலேயே இந்தத் தூளைக் கொட்டியிருக்கிறேன். இது எலும்பைக் கரைக்கும். சிறுநீரகத்தைத் தின்னும். மேலே இருக்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும். அவர்கள் வீட்டில் ஒரு சொட்டு குடிக்க மாட்டார்கள். நீங்களும் குடிக்காதீர்கள். தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லுங்கள்."

விவரம் தெரிந்த நாங்கள் எல்லோரும் குவாரிக் குட்டைத் தண்ணீருக்கு மாறிவிட்டோம். பாறையில் தேங்கிய மழைத் தண்ணீர், கண்ணாடி மாதிரி இருக்கிறது.

தங்கள் நலம் நாடும்,
மாப்பிள்ளை

*

ஜூன் 20

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நான் நலம். தங்கச்சி நலமா?

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை படிக்கத் தெரிகிற சந்தோஷத்தில். மற்ற மூன்றும் ஒரு மனிதனுக்கு இவ்வளவு கோளாறு வருமா என்ற ஆச்சரியத்தில். ஒருவர் சொன்னதை மறுக்கிறவன் முதலில் அவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுத வேண்டும், பிறகு பதில் எழுத வேண்டும் என்பது எங்கள் வகுப்பில் விதி. அதன்படி அதைத் தனித் தாளில் எழுதி முதலில் வைத்திருக்கிறேன். பதில் அடுத்த தாளில். என் எழுத்து பெரிசு, ஒரு தாளில் இரண்டும் அடங்காது.

[முதல் தாள்]

நான் தண்ணீர்த் தொட்டியில் வேலை பார்த்தவன். என் கையாலேயே இந்தத் தூளைக் கொட்டியிருக்கிறேன். இது எலும்பைக் கரைக்கும். சிறுநீரகத்தைத் தின்னும். மேலே இருக்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும். அவர்கள் வீட்டில் ஒரு சொட்டு குடிக்க மாட்டார்கள். நீங்களும் குடிக்காதீர்கள். தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லுங்கள்.

பாய்லர்காரன்

[இரண்டாம் தாள்]

இது பச்சைப் பொய். பேசினவன் யார்? பேர் தெரியுமா, முகம் தெரியுமா? கோர்ட் வாசலில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சாட்சி இருக்கா, ரசீது இருக்கா என்று கேட்கிறவர் நீங்கள். போனில் ஒருவன் தொண்டையைக் கனைத்தால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பீர்களோ? எங்கள் ஊர்த் தொட்டியிலும் அதே தூள்தான். குடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். என் எலும்பு இன்னும் என் உடம்புக்குள்தான் இருக்கிறது. குட்டையில் மாடு குளிக்கும், நாய் குளிக்கும். கண்ணாடி மாதிரி இருக்கிறதாம்! கண்ணாடியில் உங்கள் முகத்தைப் பார்த்திருந்தால் புத்தி எங்கே என்று தேடியிருப்பீர்கள்.

பாய்லர்காரன்

*

ஜூலை 1

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் காவியம் வந்து சேர்ந்தது. இன்பத்தைத் தனியாக அனுபவிப்பது தவறு என்று அந்த இரண்டு தாள்களையும் கோர்ட் வாசலுக்கே எடுத்துப் போனேன். என் மேஜையைச் சுற்றி நின்றவர்கள் எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி முதல் தாளை முடிப்பதற்குள் டீ ஆறிப்போனது.

"சார், இது மனுஷன் எழுதினதா, பல்லி ஊர்ந்ததா?" என்றார் ஒருவர்.

"கீழ கையெழுத்தப் பாருங்க, கலெக்டர் தோத்தாரு" என்றார் இன்னொருவர்.

இரண்டாம் தாளுக்கு யாரும் வரவில்லை. முதல் தாளே வயிறு வலிக்கப் போதுமானதாக இருந்தது. அதைப் போனில் படம்கூட எடுத்துக்கொண்டார்கள். தாங்கள் பிரபலமாகிவிட்டீர்கள்.

தங்கள் வாதத்தைப் பற்றி: ஆள் முகம் தெரியாவிட்டால் என்ன, குரலில் உண்மை தெரிகிறது. தங்களுக்குக் காது கேட்காது, எனவே புரியாது.

உங்கள் தங்கை மட்டும் இந்த வீட்டில் தனிக்கட்சி. நான் குட்டைத் தண்ணீர் கொண்டுவந்தால், குடத்தை எடுத்துக்கொண்டு தொட்டிக் குழாய்க்குப் போகிறாள். "எங்கண்ணன் சொல்லட்டும், விடுறேன். நீங்க சொல்லி எதை நான் கேட்டேன்?" என்கிறாள். அவள் தலையெழுத்து.

தங்கள் நலம் நாடும்,
மாப்பிள்ளை

*

ஜூலை 9

மாப்பிள்ளை அவர்களுக்கு,

சிரியுங்கள். சிரித்தால் உடம்புக்கு நல்லது, அந்தக் குட்டைத் தண்ணீருக்கு மாற்று மருந்தாகவும் இருக்கும்.

எனக்கு இன்று ஏக சந்தோஷம். தங்கச்சி குடத்தைத் தூக்கிக்கொண்டு உங்களைத் தாண்டிப் போகிற காட்சியை நினைத்து நினைத்துச் சிரித்தேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். அவளுக்கு இருக்கிற புத்தியில் கால்வாசி உங்களுக்கு இருந்திருந்தால் வக்கீலாகவே ஆகியிருப்பீர்கள், வக்கீலுக்குப் பேனா தேடிக் கொடுத்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். அவளிடம் சொல்லுங்கள்: அண்ணன் சபாஷ் என்றான்.

வகுப்பில் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். 'குரலில் உண்மை தெரிகிறது' என்ற இடத்தில் மேஜை தட்டிச் சிரித்தார்கள். டீச்சரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அவர் ஏன் அப்படி நம்புறாருன்னு கேட்டீங்களா?" என்று பலகையில் எழுதிக் கேட்டார். கேட்க என்ன இருக்கிறது, அறிவு குறைச்சல் என்று நானும் பலகையில் எழுதினேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

இப்படிக்கு,
பாய்லர்காரன்

*

ஆகஸ்ட் 3

மச்சான் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். வேலை அதிகம், ஆதலால் சுருக்கமாக.

உங்கள் தங்கை குட்டைத் தண்ணீருக்கு மாறிவிட்டாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளாகவே மாறினாள். இதற்கு மேல் இந்த விஷயத்தில் எழுத ஒன்றுமில்லை.

மாப்பிள்ளை

*

ஆகஸ்ட் 10

மாப்பிள்ளை அவர்களுக்கு,

என்ன சொல்லி அவளை மிரட்டினீர்கள்? அவளாக மாறினாளாம்! மனு எழுதி எழுதிப் பொய் எழுதுகிற பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டதா? அவள் சின்ன வயதிலிருந்தே ஒரு பிடி பிடித்தால் விட மாட்டாள். நான் சொன்னால்தான் விடுவேன் என்றவள் உங்கள் பேச்சைக் கேட்டு மாறினாள் என்றால் நீங்கள் ஏதோ சூழ்ச்சி செய்திருக்கிறீர்கள். முட்டாள்தனம் தொற்றுநோய் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அவள் என்ன சொன்னாள் என்று அவள் வார்த்தையிலேயே எழுதவும்.

பாய்லர்காரன்

*

செப்டம்பர் 1

மாப்பிள்ளை அவர்களுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே கையை விரிக்கிறார். கோபம் இருந்தால் திட்டி எழுதுங்கள், படிக்கத் தயாராக இருக்கிறேன். பேசாமல் இருக்காதீர்கள்.

தங்கச்சி நலமா? ஒரு வரி போதும்.

பாய்லர்காரன்

*

செப்டம்பர் 9

மச்சான் அவர்களுக்கு,

மறைத்ததற்கு மன்னிக்கவும். உங்கள் தங்கை ஆஸ்பத்திரியில் இருந்து நேற்றுத்தான் வீடு திரும்பினாள். கடுமையான வயிற்றுப்போக்கு. நினைவு தப்பிப் போய், கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் நர்ஸ் தேடிய நேரத்தில் நான் வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது எழுந்து உட்காருகிறாள்.

அவள் ஏன் மாறினாள் என்று கேட்டீர்கள். உங்களால். நீங்கள் எழுதிய முதல் தாளால். கோர்ட் வாசலில் எடுத்த படம் போன் போனாகப் போய் எங்கள் தெருவுக்கே வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா அதை இவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். "நான் தொட்டியில் வேலை பார்த்தவன், குடிக்காதீர்கள்." கீழே உங்கள் கையெழுத்து. பாய்லர் வேலையை விட்ட பிறகு தொட்டி வேலைக்குப் போயிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டாள். "எங்கண்ணனே எழுதிட்டாரா?" என்று கேட்டுவிட்டுக் குடத்தைக் கவிழ்த்து வைத்தாளாம். அந்தத் தெருவில் தொட்டித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மிச்சப் பேரும் அதன் பிறகு நிறுத்திவிட்டார்கள்.

காரணம் எனக்கு ஆகஸ்டிலேயே தெரியும். சொல்லவில்லை. வீட்டில் என் பக்கம் ஒரு ஆள் கூடியதே என்று இருந்துவிட்டேன்.

தொட்டித் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கச் சொல்கிறார் டாக்டர். உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறாள். உங்கள் இரண்டாம் தாளைப் படித்துக் காட்டினேன். "இது நீங்களா எழுதிக்கிட்டது. உங்களத் தெரியாதா எனக்கு?" என்கிறாள். ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறவன் சொல் வீட்டில் செல்லவில்லை. எந்தத் தண்ணீரையும் தொடாமல் இளநீரில்தான் ஓட்டுகிறாள். உடனே ஏதாவது செய்யுங்கள்.

மாப்பிள்ளை

*

செப்டம்பர் 13

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன், இது மூன்றாவது.

உங்கள் வாயை அடைக்கிற வேகத்தில் அந்தப் பொய்யை என் கையால் அழகு பார்த்துப் பார்த்து எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். எவனோ முகமில்லாமல் பேசினதற்கு என் முகத்தைக் கொடுத்தேன். அறிவு குறைச்சல் என்று பலகையில் பிழையில்லாமல் எழுதினேனே, அது யாரைப் பற்றி என்று இப்போது தெரிகிறது.

இதோடு தங்கச்சிக்கு ஒரு தாள் இருக்கிறது. நீங்கள் படித்துக் காட்ட வேண்டாம். தையல்காரம்மாவே படிக்கட்டும். போனில் வந்த எழுத்தும் இதுவும் ஒன்றுதானா என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும். இந்தக் கோணலை வேறு யாராலும் எழுத முடியாது.

கிளம்பி வரட்டுமா?

இன்னொன்று. டீச்சரம்மா அன்றைக்குக் கேட்கச் சொன்னதை இப்போது கேட்கிறேன். கேலி இல்லை. நீங்கள் அதை ஏன் நம்பினீர்கள்?

பாய்லர்காரன்

[தனித் தாள்]

தங்கச்சி,

தொட்டித் தண்ணீர் குடி. டாக்டர் சொன்னபடி காய்ச்சிக் குடி. உன் அண்ணன் தினமும் அதுதான் குடிக்கிறான்.

அண்ணன்

*

செப்டம்பர் 24

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு சொல்லை மாற்றினாலும் காட்டிக்கொடுக்கத் தையல்காரம்மா கத்தரிக்கோலோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இனி அவள் வார்த்தை:

"அண்ணே, குடிச்சேன். உடம்பு தேவலாம். நீ கிளம்பி வராதே. வந்தா ரெண்டு பேரும் என் தலைமாட்டுல நின்னுக்கிட்டு ஆரம்பிச்சிடுவீங்க. 'வாங்க மாப்பிள்ளை, சொல்லுங்க மச்சான்'னு மரியாதையா மரியாதையா ஒருத்தர ஒருத்தர் நாறடிப்பீங்க. கல்யாணத்துலேருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். உங்க ரெண்டு பேர் போட்டிக்கு என் வயிறுதான் கெடச்சுதா? நீ எழுதக் கத்துக்கிட்டேன்னு கேட்டப்ப தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். எழுதக் கத்துக்கிட்டு முதல்ல என்ன பண்ணினே? இவரத் திட்டினே. இவரு அம்பது வருஷமா எழுதுறாரு. என்ன பண்ணினாரு? உன் எழுத்த ஊருக்குக் காட்டிச் சிரிச்சாரு. ரெண்டு பேருக்கும் படிப்பு எதுக்கு? அடுப்புல போடுங்க. என்ன பேனா நிக்குது? எழுதுங்க. அடுப்புல போடுங்க. எழுதினாரா தையல்காரம்மா? சரி. இனிமே தண்ணி சமாசாரம்னா எனக்கு எழுது. சண்டைன்னா உங்களுக்குள்ள வச்சுக்குங்க. மூட்டு வலி அப்படியேதான் இருக்கு."

இனி நான் எழுதுவது.

அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் என் மேஜையில் உங்கள் இரண்டாம் தாளை ஒட்டி வைத்துக் காட்டுகிறேன். முதல் தாளை எதற்காகக் காட்டினேன் என்பதையும் சொல்கிறேன். ஒருவர் விடாமல் "ஏன் சார் அன்னைக்கே சொல்லல?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். எனக்கு அந்தத் தூள் மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஆனால் நீங்கள் சொல்லாததைச் சொன்னதாக ஊர் சொல்லக் கூடாது.

ஏன் நம்பினேன் என்று கேட்டீர்கள். இதுவரை யாரும் கேட்டதில்லை. நான் மேஜை போட்ட புதிதில் குழாயில் மஞ்சளாகத் தண்ணீர் வந்தது. தெருவுக்காக மனுமேல் மனு எழுதினேன், காசு வாங்காமல். ஒவ்வொன்றுக்கும் குடிநீர் ஆபீசிலிருந்து முத்திரையோடு ஒரே பதில்: தண்ணீர் சுத்தமாக உள்ளது. என் அம்மா அந்தப் பதிலை நம்பித்தான் குடித்தாள். நான்தான் படித்துக் காட்டினேன், முத்திரை இருக்கிறது அம்மா, பயப்படாதே என்று. பிறகு தோண்டிப் பார்த்தார்கள். சாக்கடைக் குழாய் உடைந்து கலந்திருந்தது. அம்மா அதற்குள் போய்விட்டாள். அதிலிருந்து, முத்திரை போட்டு வருகிறதைவிட முகமில்லாமல் வருகிறது எனக்கு உண்மையாகப் படுகிறது.

இப்போது வீட்டில் ஒரு அடுப்பு, இரண்டு பானை. அவளுக்குத் தொட்டித் தண்ணீர், எனக்குக் குட்டைத் தண்ணீர். இரண்டையும் நானே காய்ச்சுகிறேன்.

மாப்பிள்ளை

*

அக்டோபர் 1

மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கச்சிக்குத் தனித் தாள் வைத்திருக்கிறேன். மூட்டு வலிக்கு எங்கள் டாக்டர் சொன்ன பயிற்சி அதில் இருக்கிறது. எல்லோரிடமும் சொல்ல வேண்டாம், அது அவள் மூட்டுக்கு மட்டும்.

உங்கள் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் சம்பந்தி வீட்டு மனிதனாக இருந்தும் எப்படிப் போனார் என்று ஒருநாள் கேட்கவில்லை. ஏதோ காய்ச்சல் என்று நினைத்திருந்தேன்.

உங்கள் கடிதத்துக்கு முதலில் வேறொரு பதில் எழுதினேன். அது அந்தக் காலம், இது இந்தக் காலம் என்று ஆரம்பித்து, நாலு வரி கைக்கு லேசாக வந்தது. ஐந்தாவது வரியில் பழைய ருசி வந்துவிட்டது. கழுதை என்று எழுத ஆரம்பித்து முதல் எழுத்தோடு நிறுத்தினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். எழுதியதிலேயே நேரான எழுத்து அதில்தான் இருந்தது, வருத்தம்தான்.

ஆகையால் இதில் கேள்வி மட்டும். தோண்டிப் பார்த்த பிறகு அந்த ஆபீசிலிருந்து யாராவது உங்கள் வீட்டுக்கு வந்தார்களா? தப்பு என்று ஒருவராவது சொன்னார்களா? இப்போது அவர்கள் உங்களுக்கு எதைத் திறந்து காட்டினால், யார் உங்கள் எதிரில் நின்று குடித்தால், உங்கள் மனசு கொஞ்சம் இறங்கும்? விவரமாக எழுதுங்கள். உங்கள் கோர்ட் பாஷையில் எழுதினாலும் சரி, இரண்டு தடவை படித்துக்கொள்கிறேன்.

உங்கள் வயிறு எப்படி இருக்கிறது? பானையைக் கொதி வந்ததும் இறக்கிவிடாமல் சற்று நேரம் கொதிக்க விடுங்கள். எந்தத் தண்ணீர் என்று நான் சொல்லவில்லை, கவனித்தீர்களா? சொல்லாமல் இருப்பது எழுதக் கற்றதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வாரம் எழுதுகிறேன். அதிலும் கேள்விதான் இருக்கும். திட்ட வேண்டியது நெஞ்சில் நிறைய மிச்சம் இருக்கிறது. அது எங்கே போய்விடப் போகிறது?

மச்சான்